போட்ட உறைக்கு மேல் பிரிக்காதே

கையெழுத்துப் போட மாட்டேன் என்று தம்பி பெண்டாட்டி சொன்னபோது அக்கா அதைக் காதிலேயே வாங்கவில்லை. பேனா மூடியைக் கழற்றி, காகிதத்தின் அடியில் கோடு போட்டிருந்த இடத்துக்கு நேராகப் பேனாவை வைத்துவிட்டு ஜன்னலைத் திறக்கப் போய்விட்டாள். அக்கா நீட்டிய காகிதத்தில் கையெழுத்துப் போடாத ஆள் அந்த அலுவலகத்தில் இதுவரை இருந்ததில்லை.

பதினோரு பேர் வேலை பார்க்கும் சின்ன மென்பொருள் கம்பெனி அது. கீழே மூக்குக் கண்ணாடிக் கடை, நடுவில் பல் டாக்டர், அதற்கு மேலே இவர்கள். லிஃப்ட் நினைத்தால் ஓடும், நினைக்காவிட்டால் நிற்கும். இருபத்தாறு வயதில் ஒற்றை ஆளாக இதைத் தொடங்கியவள் அக்கா. தாய் தகப்பன் இல்லாத தம்பியைப் படிக்கவைத்து ஆளாக்கினாள். தன் கல்யாணப் பேச்சு வரும்போதெல்லாம் 'இவன் ஒரு நிலைக்கு வரட்டும்' என்று தள்ளித் தள்ளியே நாற்பத்தெட்டைத் தொட்டாள். அலுவலகத்தில் அத்தனை பேருக்கும் அவள் அக்காதான். தம்பிக்கு வாய்த்தவளும் அப்படியே கூப்பிட்டாள்.

வாய்த்தவளுக்கு அந்த வீட்டில் வக்கீல் என்று பெயர். சட்டம் படித்தவள் இல்லை. எதைச் சொன்னாலும் ஒரு 'ஏன்' கைவசம் வைத்திருப்பாள் என்பதால் கல்யாணமான முதல் மாதமே நாத்தனார் வைத்த பெயர் அது. மற்ற வீடுகளில் நாத்தனாரும் தம்பி பெண்டாட்டியும் அடுப்பங்கரையில் முட்டிக்கொள்வார்கள். இவர்கள் நிரலின் வரிகளில் முட்டிக்கொள்வார்கள். இத்தனை வருஷத்தில் அதனால் பாத்திரம் ஒன்றும் உடையவில்லை.

இன்றைய காகிதம் வேறு மாதிரி. மூன்றே வரிதான். மென்பொருளைச் சோதித்துப் பார்த்தோம். அது சரியாக இயங்குகிறது. பதிவில் இருக்கும் கட்டளையைக் கொடுத்தவர் அந்தப் பதிவில் பெயர் இருப்பவரேதான்.

கேட்டிருந்தது ஒரு நாற்றுப் பண்ணை. கண்ணாடிக் கூரைக்கு அடியில் பூவும் காய்கறியும் நாற்றாக வளர்த்து விற்கிற இடம். அங்கே தண்ணீர் விடுவதெல்லாம் கம்ப்யூட்டர். அதை ஓட்டுவது அக்காவின் மென்பொருள். போன வாரம் நான்காம் வரிசைக்குப் போகிற வால்வு யாரும் இல்லாத நேரத்தில் திறந்தே கிடந்து, வரிசை முழுவதும் அழுகிப்போனது. பதிவைப் பார்த்தார்கள். மாலை ஐந்து நாற்பத்திரண்டுக்கு 'வால்வு 4 திற' என்று கட்டளை போயிருந்தது. பக்கத்தில் இருந்த பெயர் அங்கே பதினாறு வருஷமாக வேலை பார்க்கும் நாற்றுக்காரம்மாவுடையது. நான் திறக்கவே இல்லை என்று அந்தம்மா சொன்னார். கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா என்று மேலாளர் கேட்டார். வெள்ளிக்கிழமை விசாரணை. இந்தக் காகிதம் போய்ச் சேர்ந்தால் அன்றைக்கே அவரை வேலையை விட்டு அனுப்பிவிடுவார்கள், பொய்க்காரி என்ற பட்டத்தோடு.

மென்பொருளில் வாசகங்களைக் கையாளுகிற பகுதிக்கு வக்கீல்தான் பொறுப்பு. அதனால் கையெழுத்தும் அவளுடையதாக இருக்க வேண்டும் என்று பண்ணையில் கேட்டிருந்தார்கள்.

"சோதிச்சுப் பார்த்தோம்னு எழுதியிருக்கு. நான் இன்னும் பார்க்கலையேக்கா," என்றாள் வக்கீல்.

"என்னத்தைப் பார்க்கணும்? இருபத்திரண்டு வருஷமா ஓடுது அது."

"அப்ப இருபத்திரண்டு வருஷமா ஓடுதுன்னு எழுதுங்க. அதுல போடறேன்."

அக்கா ஜன்னல் பக்கமிருந்து திரும்பிப் பார்த்தாள். வக்கீலுக்கு ஒரு நாள் கொடுத்தாள். நாளை மாலைக்குள் பார்த்துத் தொலை என்றாள்.

வக்கீலின் கணவனும் அதே கம்பெனிதான். மென்பொருளைக் கொண்டுபோய் வாடிக்கையாளர் இடத்தில் பொருத்தி, அங்கிருப்பவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பது அவன் வேலை. பண்ணைக்கும் அவன்தான் போயிருந்தான். மறுநாள் காலையிலேயே வக்கீல் அவனை அங்கே அனுப்பினாள். பதிவில் இருப்பது வால்வுப் பக்கம் போய்ச் சேர்ந்த வாசகம். விரலால் அடித்த வாசகம் எது என்று அந்தம்மா பயன்படுத்திய கைக்கருவியில் இருக்கும், அதைப் படம் எடுத்து அனுப்புங்கள் என்றாள். இதெல்லாம் தேவையா என்று அவன் செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டான். தேவையா இல்லையா என்று பார்ப்பதற்குத்தான் கேட்கிறேன் என்றாள்.

பதினொன்றரை மணிக்குப் படம் வந்தது. வக்கீல் அதைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு நாற்காலியை மேஜைக்கு நெருக்கி இழுத்துக்கொண்டாள்.

ஐந்து நாற்பத்திரண்டுக்கு அந்தம்மா அடித்தது 'வால்வு 4 திற' என்பதைத்தான். ஆனால் இரண்டு பக்கமும் மேற்கோள் குறி போட்டு அடித்திருந்தார்.

பண்ணையில் ஒரு வழக்கம் உண்டு. வெறுமனே அடித்தால் அது இயந்திரத்துக்குக் கட்டளை. மேற்கோள் குறிக்குள் அடித்தால் மனிதர்களுக்குக் குறிப்பு. அடுத்த ஷிப்டில் வருகிறவர்கள் படித்துக்கொள்வார்கள். 'மூன்றாம் வரிசையில் பூச்சி', 'கத்தரிக்கோல் காணோம், எடுத்தவர் வைக்கவும்' என்பது மாதிரி. காலை ஷிப்டுக்கு ஒரு பெண் புதிதாக வந்திருந்தாள்; எந்தக் கட்டளையை எப்படி அடிப்பது என்று அவளுக்கு இன்னும் பிடிபடவில்லை. காலையில் வந்ததும் அவள் அடிக்க வேண்டிய வரியை எழுத்துப் பிசகாமல் குறிப்பாக எழுதி வைத்துவிட்டு நாற்றுக்காரம்மா வீட்டுக்குப் போயிருந்தார். அந்தக் குறிப்பே கட்டளையாகப் போய் வால்வைத் திறந்துவிட்டது.

எப்படி என்றும் பகல் சாப்பாட்டுக்குள் தெரிந்துவிட்டது. ஒரு வாசகத்தை ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு அனுப்பும்போது, அது எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று வாங்கிக்கொள்கிற இயந்திரத்துக்குத் தெரிய வேண்டும். அதனால் அனுப்புகிற பக்கம் இரண்டு ஓரத்திலும் ஒரு ஜோடி மேற்கோள் குறியைத் தானாகப் போடும். வாங்குகிற பக்கம் அதை எடுத்துவிடும். கடிதத்தை உறையில் போட்டு அனுப்பி, உறையைப் பிரிக்கிற மாதிரி. அலுவலகத்தில் அதற்குப் பெயரே உறை போடுவது, உறை பிரிப்பது. அந்தம்மாவின் குறிப்பு ஏற்கெனவே ஓர் உறையில் இருந்தது. மென்பொருள் அதன்மேல் தன் உறையைப் போட்டு அனுப்பியது. அந்தப் பக்கம் பிரிக்க வேண்டியது மேலே இருந்த ஒன்றை மட்டும்.

ஆனால் பிரிக்கிற நிரலில் அக்கா ஒரு உபசாரம் வைத்திருந்தாள். பிரித்த பிறகும் இன்னொரு உறை இருந்தால் அதையும் பிரி. உறை இல்லாமல் போகிறவரை பிரித்துக்கொண்டே இரு. அந்த வரிக்கு மேலே அவளே ஒரு விளக்கம் எழுதியிருந்தாள்: 'இரட்டை உறை போட்டு அனுப்பும் மகராசர்களுக்காக.' முதன்முதலில் கிடைத்த வாடிக்கையாளர் அப்படித்தான் அனுப்பிக்கொண்டிருந்தாராம். அவரிடம் போய் நீங்கள் செய்வது தப்பு என்று சொல்கிற நிலைமை அன்றைக்கு இருபத்தாறு வயதுப் பெண்ணுக்கு இல்லை. அவர் தப்பையும் தாங்கிக்கொள்கிற மாதிரி எழுதிவிட்டாள்.

இத்தனை வருஷம் இது வெளியே தெரியாததற்கும் காரணம் இருந்தது. உறையெல்லாம் பிரிந்து அம்மணமாகப் போய் நிற்கிற குறிப்பை வால்வுக் கருவி படித்துப் பார்க்கும். 'கத்தரிக்கோல் காணோம்' என்பது அதற்குப் புரியாது. புரியாததையெல்லாம் குறிப்பு என்று திரையில் காட்டிவிட்டுச் சும்மா இருந்துவிடும். அதற்குப் புரிகிற மாதிரி ஒரு குறிப்பை யாராவது எழுத வேண்டியிருந்தது. பொறுப்பாக ஒருத்தர் எழுதினார், மாட்டிக்கொண்டார்.

வக்கீல் இதை அக்காவிடம் காட்டியபோது மணி மூன்று. அக்கா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய், தன்னுடைய பழைய வரிகளைப் படித்தாள். படித்து முடித்த பிறகும் நகரவில்லை. அவளுக்குப் புரிந்துவிட்டது என்று வக்கீலுக்குத் தெரிந்தது. நிரல் விஷயத்தில் அக்காவுக்கு எதையும் இரண்டு தடவை சொல்ல வேண்டியதில்லை.

கதவைச் சாத்திவிட்டு வந்துதான் அக்கா பேசினாள். சரி, இது ஓட்டைதான். அடுத்த மாதம் புதுப் பதிப்பு வரும்போது சத்தமில்லாமல் அடைத்துவிடு, நான் வேண்டாம் என்றா சொல்லப் போகிறேன். ஆனால் தப்பு நம்முடையது என்று எழுதிக் கொடுத்தால் இந்த நிரலை வைத்துக்கொண்டிருக்கிற முப்பத்தேழு இடத்திலிருந்தும் நாளைக்குப் போன் வரும்.

"வரட்டும்க்கா. வரணும்."

"உனக்கு என்ன, சொல்லிட்டுப் போயிடுவே. இங்க பதினோரு குடும்பம் இருக்கு."

"இருக்கு. பன்னிரண்டாவதா ஒண்ணு அந்தப் பண்ணையில இருக்கு."

அக்கா இறங்கி வந்தாள். அந்தம்மாவுக்குத் தானே வேறு இடத்தில் வேலை பார்த்துத் தருவதாகச் சொன்னாள். தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், இதைவிட நல்ல வேலையாகவே கிடைக்கும். சொன்னால் செய்யக்கூடியவள்தான். வக்கீலுக்கு ஒரு கணம் அந்தக் குரலைக் கேட்கப் பாவமாகக்கூட இருந்தது. வேலையைத் திருப்பிக் கொடுக்கலாம், பொய்க்காரி இல்லை என்பதை யார் திருப்பிக் கொடுப்பது என்று கேட்டாள்.

"ஒருத்தரும் இத்தனை வருஷமா ஒரு குறை சொன்னதில்ல."

"குறை சொல்ல வேண்டியவங்க பேரே குற்றவாளின்னு பதிவுல வந்தா, அவங்க எப்படிக்கா குறை சொல்லுவாங்க?"

"நீ யாரு அந்தம்மாவுக்கு? சொந்தமா, பந்தமா?"

"ஒண்ணும் இல்ல. அவங்க எழுதினதை வேற மாதிரி கொண்டுபோய்ச் சேர்த்த ஆளு."

அக்காவின் முகம் இறுகியது. வீட்டில் நீ என் தம்பி பெண்டாட்டி, அதில் எந்த மாற்றமும் இல்லை. ஆனால் இந்தக் காகிதத்தில் கையெழுத்து விழவில்லை என்றால் திங்கட்கிழமை இந்த அறையில் உனக்கு நாற்காலி இல்லை என்றாள். நிதானமாகத்தான் சொன்னாள். வக்கீல் மேஜையில் திறந்து கிடந்த பேனாவை எடுத்து மூடி போட்டாள்.

"திறந்தே இருந்தா மை காஞ்சிடும்க்கா," என்று சொல்லிவிட்டுத் தன் இடத்துக்குப் போய், புதுப் பதிப்புக்காக உறை பிரிக்கிற வரியை மாற்ற உட்கார்ந்தாள்.

அன்று மாலை வீட்டில் பேச்சுவார்த்தை முறிந்தது. மூன்று பேரும் ஒரே மேஜையில்தான் சாப்பிட்டார்கள். உன் பெண்டாட்டிக்கு இன்னும் கொஞ்சம் வேண்டுமா கேள் என்று அக்கா தம்பியிடம் சொன்னாள். வேண்டாம் என்று உங்கள் அக்காவிடம் சொல்லுங்கள் என்று வக்கீல் சொன்னாள். இரண்டு பேருக்கும் நடுவே இருந்தது ஒரு முழம் மேஜை. அவன் இடமும் வலமும் திரும்பித் திரும்பியே சாப்பிட்டு முடித்தான். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

சாப்பாட்டுக்குப் பிறகு மறுநாளைக்கான சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டே அவன் மெல்ல ஆரம்பித்தான். அக்கா இல்லை என்றால் நான் இல்லை என்றான். பள்ளிக்கூடத்தில் கட்டணம் கட்டக் கடைசி நாளன்று அக்கா மழையில் நனைந்து வந்து நின்ற கதையைச் சொன்னான். வக்கீல் அதை முன்பே கேட்டிருக்கிறாள், இப்போதும் குறுக்கே பேசாமல் கேட்டாள். அந்த உறை பிரிக்கிற வரிகளை அக்கா எழுதியபோது தான் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்ததாகவும் சொன்னான். ஒரு தடவை விட்டுக்கொடுத்தால் குறைந்தா போய்விடுவாய் என்றான்.

"அக்கா உங்களுக்குச் செஞ்சதை நான் ஒரு நாளும் குறைச்சுப் பேசினதில்ல. இனியும் பேச மாட்டேன்," என்றாள் வக்கீல். "ஆனா அந்தக் கடனுக்கு அந்தம்மாவை ஈடு வைக்க முடியாது."

அவன் சட்டையைத் திருப்பிப் போட்டுத் தேய்த்தான்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். குறிப்புன்னா ரெண்டு பக்கமும் மேற்கோள் குறி போடுங்கன்னு அவங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது யாரு?"

அவன் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தான். சட்டைக் காலரில் ஒரு மடிப்பு தப்பாக விழுந்திருந்தது. அதை விரலால் நீவிவிட்டான்.

"முதல் நாளே அவங்கதான் சரியாப் பிடிச்சுக்கிட்டாங்க," என்றான் கடைசியில். "மத்தவங்களுக்கெல்லாம் அவங்கதான் சொல்லிக் கொடுத்தாங்க."

வெள்ளிக்கிழமை காலை வக்கீல் தன் பெயரில் ஒரு பக்கக் கடிதம் எழுதி எடுத்துக்கொண்டு பண்ணைக்குக் கிளம்பினாள். கொண்டுபோய் விடுகிறேன், உள்ளே வர மாட்டேன் என்று சொல்லி அவன் வண்டியை எடுத்தான். வாசலில் இறக்கிவிட்டவன், அவள் பத்தடி நடப்பதற்குள் வண்டியைப் பூட்டிவிட்டுக் கூடவே வந்தான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. நடையை மட்டும் கொஞ்சம் குறைத்துக்கொண்டாள்.

மேலாளரின் அறை கண்ணாடிக் கொட்டகையின் ஓரத்தில் இருந்தது. அறைக்கு வெளியே அறிவிப்புப் பலகை. அதில் நாற்றுக்காரம்மாவின் பெயரும் பணி எண்ணும் தடித்த எழுத்தில், கவனக்குறைவு, பொய்த் தகவல், விசாரணை முடியும்வரை பணி நிறுத்தம் என்ற சொற்களோடு ஒட்டப்பட்டிருந்தன. போகிறவர் வருகிறவர் எல்லாரும் அதைக் கடந்துதான் கை கழுவப் போக வேண்டும். வக்கீல் அதை முழுவதும் படித்துவிட்டு உள்ளே போனாள்.

உள்ளே மேலாளருக்கு எதிர் நாற்காலியில் அக்கா உட்கார்ந்திருந்தாள். அந்த மூன்று வரிக் காகிதம் மேஜைமேல் இருந்தது. அக்காவே கையெழுத்துப் போட்டிருந்தாள்.

கணவனுக்கு முகம் வெளுத்துவிட்டது. அக்கா இந்த அளவுக்கு வருவாள் என்று வக்கீல் நினைக்கவில்லை. சுவர் ஓரமாக நாற்றுக்காரம்மா நின்றிருந்தார். குள்ளமான உருவம். வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருந்தும் முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ் போட்டுத்தான் வந்திருந்தார். உட்காரச் சொல்லி யாரும் நாற்காலி தரவில்லை போலும். தந்திருந்தாலும் உட்கார்ந்திருக்க மாட்டார் என்று தோன்றியது.

மேலாளர் நல்ல மனிதர் மாதிரிதான் பேசினார். நிறுவனத்தின் உரிமையாளரே கடிதம் கொடுத்துவிட்டார், இனி யாரும் சிரமப்பட வேண்டாம் என்றார்.

"அந்தக் கடிதம் தப்பு சார்," என்றாள் வக்கீல். "இந்தம்மா வால்வைத் திறக்கல. எங்க மென்பொருள்தான் திறந்துச்சு."

மேலாளர் அக்காவைப் பார்த்தார். அக்கா வக்கீலைப் பார்க்காமல், இவர் எங்கள் கம்பெனி சார்பாகப் பேசவில்லை என்றாள்.

"ஆமா, கம்பெனி சார்பா பேசல. அந்த நிரலைப் பார்த்துக்கறவ நான்தான். அது சார்பா பேசறேன்."

மேலாளர் கைகளைக் கோத்துக்கொண்டார். கம்ப்யூட்டர் பதிவு ஒன்று சொல்கிறது, நீங்கள் ஒன்று சொல்கிறீர்கள், எனக்கு இந்தத் தொழில்நுட்பமெல்லாம் புரியாது, புரிகிற அளவுக்கு நேரமும் இல்லை என்றார். புரிய வேண்டாம், ஒரு வரி அடித்தால் போதும் என்றாள் வக்கீல். மேஜையிலிருந்த கைக்கருவியை எடுத்து அவர் முன்னால் வைத்து, உங்கள் பெயரிலேயே உள்ளே போங்கள் என்றாள். 'வால்வு 4 திற' என்று அடியுங்கள். இரண்டு பக்கமும் மேற்கோள் குறி போடுங்கள்.

மேலாளரின் விரல் அந்தரத்தில் நின்றது.

"என்ன சார் யோசிக்கறீங்க? மேற்கோள் குறிக்குள்ள இருந்தா வெறும் குறிப்புதானே. உங்க பதிவு சரின்னா ஒண்ணும் நடக்காது."

"இது விளையாடற இடம் இல்ல," என்றாள் அக்கா.

"தெரியும்க்கா. அதனாலதான் வந்தேன்."

வாசலில் இரண்டு மூன்று தொழிலாளர்கள் வந்து நின்றுவிட்டார்கள். அவர்கள் பார்க்க, அடிக்காமல் எழுந்து போவது மேலாளருக்கு அழகில்லை. ஒவ்வோர் எழுத்தாகத் தேடி அடித்தார். இரண்டு குறிகளும் சரியாக இருக்கின்றனவா என்று நாற்றுக்காரம்மா நின்ற இடத்திலிருந்தே எட்டிப் பார்த்தார். கடைசிக் குறி விடுபட்டிருந்ததை விரலால் சுட்டிக்காட்டினார். மேலாளர் அதையும் போட்டு அனுப்பினார்.

கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம், வெறும் தட்டுகள் அடுக்கியிருந்த நான்காம் வரிசையில் குழாய் ஒரு தடவை செருமியது. பிறகு தண்ணீர் கொட்டத் தொடங்கியது.

கணவன்தான் ஓடினான். கையால் திருகும் சக்கரம் எங்கே என்று பொருத்தியவனுக்குத் தெரியும். அவன் மூடிவிட்டு முழங்கால்வரை நனைந்து திரும்புவதற்குள் வக்கீல் பதிவைத் திறந்து மேலாளர் பக்கம் திருப்பி வைத்திருந்தாள். பத்து பதினேழு. வால்வு 4 திற. பக்கத்தில் மேலாளரின் முழுப் பெயர்.

"இப்பத் தண்ணி திறந்தது நீங்க சார்," என்றாள். "இல்லைன்னு நீங்க சொன்னா நான் நம்புவேன். கம்ப்யூட்டர் நம்பாது."

வாசலில் யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்கள். கணவன் நனைந்த கால்சட்டையோடு வந்து, அந்தம்மாவுக்குக் குறி போடக் கற்றுக்கொடுத்தது நான்தான், நான் சொன்னபடியேதான் அவர் போட்டார், பிசகு எங்கள் பக்கம் என்றான். அக்காவின் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னான்; ஆனாலும் சொல்லிவிட்டான்.

மேலாளர் தொண்டையைச் செருமிக்கொண்டார். சரி, ஏதோ குழப்பம் நடந்திருக்கிறது. பலகையில் இருக்கும் காகிதத்தை எடுத்துவிடச் சொல்கிறேன். அம்மா நாளையிலிருந்து வழக்கம்போல வேலைக்கு வரலாம். நடந்ததை எல்லோருமே மறந்துவிடுவோம் என்றார்.

"எடுத்தாப் பத்தாது," என்றார் நாற்றுக்காரம்மா.

அன்றைக்கு அந்த அறையில் அவர் பேசிய முதல் பேச்சு அதுதான். குரல் உயரவில்லை.

"ஒட்டும்போது நாலு பேரு பார்க்க ஒட்டினீங்க. ஒம்பது நாளா என் பேரைப் படிச்சுட்டுத்தான் எல்லாரும் கை கழுவப் போறாங்க. எடுத்துட்டா, கெஞ்சிக் கேட்டு எடுக்க வெச்சேன்னு நினைப்பாங்க. நான் கெஞ்சலை. அதே எடத்துல இன்னொரு காகிதம் ஒட்டுங்க. நான் பொய் சொல்லலைன்னு எழுதி ஒட்டுங்க. அதுவரைக்கும் நாளைக்கும் வர மாட்டேன், நாளன்னைக்கும் வர மாட்டேன்."

அப்படியெல்லாம் பலகையில் போடுவதற்கு ஒரு முறை இருக்கிறது, மேலிடத்தில் கேட்க வேண்டும் என்று மேலாளர் இழுத்தார். முதல் காகிதத்துக்கு யாரிடம் கேட்டீர்கள் என்றாள் வக்கீல்.

அக்கா இதுவரை அசையவில்லை. மேஜைமேல் கிடந்த தன் கடிதத்தைப் பார்த்தபடியே இருந்தாள். பிறகு கையை நீட்டி அதை எடுத்து, நாலாக மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். மேலாளரிடம் ஒரு வெள்ளைக் காகிதம் கேட்டாள். பேனாவையும் அவரிடமே வாங்கினாள். வக்கீல் பக்கம் திரும்பாமலே பேசினாள்.

"வீட்டுக்கு வா. உன்கிட்டப் பேச வேண்டியது நிறைய இருக்கு."

"பேசுங்கக்கா. எல்லாத்தையும் கேட்டுக்கறேன். மாத்திக்க மாட்டேன்."

"அந்த முப்பத்தேழு இடத்துக்கும் நீயேதான் போன் பண்ணணும். திட்டுவாங்க."

"பண்றேன். வாங்கிக்கறேன்."

அக்கா எழுத ஆரம்பித்தாள். அவள் கையெழுத்து அழகாக, பொடிப்பொடியாக இருக்கும். நான்காம் வரிசை வால்வு திறந்ததற்கு இந்தப் பணியாளர் காரணம் இல்லை. அவர் எழுதியது குறிப்பு. அதைக் கட்டளையாக மாற்றியது எங்கள் மென்பொருள். அவர் சொன்னது உண்மை. நான்கு வரியை எழுதிவிட்டுப் பேனாவை நிறுத்தினாள். கணவன் அவள் தோளுக்குப் பின்னால் வந்து நின்றான். ஐந்தாவதாக ஒரு வரி சேர்த்தாள்: அந்த நிரலை எழுதியவள் நான். கீழே தன் முழுப் பெயரைப் போட்டு மேலாளரிடம் நீட்டினாள். அவரும் வேறு வழியில்லாமல் ஓரத்தில் ஒரு கையெழுத்தைக் கிறுக்கினார்.

காகிதத்தை ஒட்டுவதற்கு முன்னால் நாற்றுக்காரம்மா கை நீட்டி வாங்கிப் படித்தார். நிதானமாக, ஒரு வரியையும் விடாமல் படித்தார். வெளியே போய் பலகையில் இருந்த பழைய காகிதத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, திரும்பி வந்து அக்காவிடமே கொடுத்தார்.

"எழுத்து ரொம்பச் சின்னதா இருக்கும்மா. என் பேரை எவ்வளவு பெருசாப் போட்டிருக்காங்கன்னு போய்ப் பாருங்க. அவ்வளவு பெருசா எழுதுங்க."

அக்காவை அதட்டி வேலை வாங்கியவர்கள் அந்தக் குடும்பத்திலும் இல்லை, கம்பெனியிலும் இல்லை. அக்கா எழுந்து வெளியே போனாள். பலகைக்கு எதிரே நின்று அந்தத் தடித்த எழுத்துகளை அளந்து பார்த்தாள். திரும்பி வந்து, சிந்திய தண்ணீர் வாசல்படிவரை வந்திருந்த அந்த அறையில், நாற்காலியில் உட்காராமல் மேஜைமேல் குனிந்து நின்றபடியே, புதிதாக ஒரு காகிதத்தில் பெரிய எழுத்தில் முதலிலிருந்து எழுதத் தொடங்கினாள்.